பின்பக்க ஆன்டி-ரோல் பார்: 21 மி.மீ. போதுமா, 24 மி.மீ. வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்சக்கரங்கள் இழுத்து ஓடும் ஹேட்ச்பேக் கார். வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனால் மூக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது, ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் திருப்ப வேண்டியிருக்கிறது. பின்னால் கம்பெனி போட்ட ஆன்டி-ரோல் பார் 19 மி.மீ. அதற்குப் பதிலாகப் போட 21 மி.மீ.யில் ஒன்று, 24 மி.மீ.யில் ஒன்று கிடைக்கிறது. 24-இன் முனையில் மூன்று துளைகள். 24-ஐப் போட்டால் பின்பக்கம் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், சாய்வு பாதியாகக் குறையும் என்று விற்பவர் சொல்கிறார். எதை வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: உங்கள் காரின் கோளாறுக்கு இந்தப் பார்தான் மருந்தா? சஸ்பென்ஷன் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தவன் என்ற முறையில், இரண்டாவதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பேன். இருந்தாலும் பார் என்ன செய்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஆன்டி-ரோல் பார் என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி, அவ்வளவுதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது தன் புஷ்களுக்குள் (பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள்) சும்மா சுழலும், ஒரு வேலையும் செய்யாது. ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். வளைவில் கார் சாயும்போது நடப்பது இதுதான். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போதும் இதேதான் நடக்கும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

வளைவில் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிப்பது காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், வளைவின் வேகம் ஆகியவை மட்டுமே. ஒரு கணக்குக்காக 1200 கிலோ கார், ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்தில், சக்கர அகலம் 1.5 மீட்டர், பக்கவாட்டு விசை 0.7 ஜி, அதாவது காரின் எடையில் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 308 கிலோ உள்ளிருந்து வெளியே போகிறது. எந்தப் பாரைப் போட்டாலும் இந்த 308 கிலோ கிட்டத்தட்ட மாறாது. பார் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த 308-இல் முன் அச்சு எவ்வளவு சுமக்கும், பின் அச்சு எவ்வளவு சுமக்கும் என்ற பங்கீடு. பின்பக்கத்தை விறைப்பாக்கினால் பின் அச்சு அதிகப் பங்கை எடுத்துக்கொள்ளும், முன் அச்சின் பங்கு குறையும்.

இப்போது டயரிடம் வருவோம். டயர் மீது சுமை கூடக் கூட அதன் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஓர் உதாரணத்துக்கு, 300 கிலோ சுமையில் ஒரு டயர் 300 அலகு பிடிப்பு தருகிறது என்றால், 400 கிலோவில் 400 தராது, 384 தரும்; 200 கிலோவில் 208 தரும். ஒரே அச்சில் இரண்டு டயரும் 300, 300 என்று சுமந்தால் மொத்தம் 600. அதுவே 200, 400 என்று பிரிந்தால் 592. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, ஆனால் போக்கு எல்லா டயருக்கும் இதுதான்: ஓர் அச்சில் இடது வலது சுமை எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறதோ அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு அவ்வளவு குறையும்.

ஆக, பின்பக்கத்தில் தடிமனான பார் போட்டால் பின்பக்கம் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்பது தலைகீழான பேச்சு. பின்பக்கத்தின் பிடிப்பைக் கொஞ்சம் எடுத்து முன்பக்கத்துக்குக் கொடுப்பதுதான் அது செய்யும் வேலை. கார் நன்றாகத் திரும்புவதுபோல் தோன்றுவதற்குக் காரணம், பின்பக்கம் முன்னைவிடச் சீக்கிரம் வழுக்கத் தயாராக இருப்பது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கம்பெனிகள் சாதாரணக் கார்களை வேண்டுமென்றே மூக்கு தள்ளும்படிதான் அமைக்கிறார்கள். பயந்துபோன ஓட்டுநர் இயல்பாகச் செய்வது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. மூக்கு தள்ளும் கார் அப்போது தானாகவே உள்ளே வந்துவிடும். அந்தப் பாதுகாப்பு இடைவெளியில் கொஞ்சத்தை நீங்கள் செலவழிக்கப் போகிறீர்கள், எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு செலவழியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முன்சக்கர இழுவைக் காருக்குக் கூடுதலாக இரண்டு நன்மைகள் உண்டு, இரண்டும் நிச்சயமானவை. முன் அச்சில் எடை மாற்றம் குறைவதால் உள்பக்க முன்சக்கரத்தில் சுமை மிச்சமிருக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் அது சும்மா சுழல்வது குறையும். அப்புறம், முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு) இருக்கும் கார்களில், கார் சாயச் சாய வெளிப்பக்க முன்டயர் ரோட்டில் தட்டையாக நிற்காமல் வெளி விளிம்பில் ஏறும். சாய்வு குறைந்தால் இதுவும் குறையும். பின்சக்கர இழுவைக் காரில் கதை வேறு: பின் பாரை விறைப்பாக்கினால், சாதாரண டிஃபரென்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இருக்கும்போது உள்பக்கப் பின்சக்கரம் சுமையிழந்து சுழலும். அதனால்தான் அப்படிப்பட்ட கார்களில் பலரும் முன்பாரைத் தடிமனாக்கிவிட்டுப் பின்பாரைத் தொடாமல் விடுகிறார்கள். அந்த ஆலோசனைகளை உங்கள் காருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, தடிமன். முறுக்குக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19-லிருந்து 21 என்பது கண்ணுக்கு 2 மி.மீ., விறைப்பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 19-லிருந்து 24 என்றால் இரண்டரை மடங்கு. ஆனால் இது முழுக் கம்பிக்குத்தான். அந்த 24 குழாயா, உள்ளே நிறைந்த கம்பியா என்று நீங்கள் எழுதவில்லை, விற்பவரும் சொல்லியிருக்க மாட்டார். 4 மி.மீ. சுவருள்ள குழாய் என்றால் முழுக் கம்பியின் விறைப்பில் 80 சதவீதம் கிடைக்கும், எடையோ 56 சதவீதம்தான். அப்படியானால் உங்கள் 19-ஐவிட அது இரண்டரை மடங்கு இல்லை, இரண்டு மடங்கு. கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது கையின் நீளம், அதாவது பாரின் நடுத்தண்டிலிருந்து லிங்க் ராட் (பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு) மாட்டும் துளை வரை உள்ள தூரம். இதன் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் விறைப்பு மாறும். உங்கள் பழைய பாரின் கை 220 மி.மீ. என்றும், புதிய குழாய்ப் பாரின் மூன்று துளைகள் 240, 220, 200 மி.மீ. என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 240 மி.மீ. வெளித் துளையில் மாட்டினால் 1.7 மடங்கு, நடுவில் 2 மடங்கு, உள் துளையில் 2.5 மடங்கு. பார்த்தீர்களா, 24 மி.மீ. குழாய்ப் பார் வெளித் துளையில் கிட்டத்தட்ட 21 மி.மீ. முழுப் பார் அளவுக்கு வந்துவிடுகிறது. விளம்பரத்தில் போடும் விட்டத்தை மட்டும் வைத்து இரண்டு பார்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. வாங்குவதற்கு முன் பழைய பாரைக் கழற்றாமலேயே அளவு நாடாவை வைத்துக் கையின் நீளத்தை அளந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இடையில் ஒன்று. உயர்தர ஸ்பிரிங் ஸ்டீல், அதனால் அதிக விறைப்பு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எந்த ஸ்டீலாக இருந்தாலும் முறுக்கை எதிர்க்கும் தன்மை கிட்டத்தட்ட ஒன்றுதான். நல்ல ஸ்டீல் கூடுதல் முறுக்கைத் தாங்கும், நிரந்தரமாக வளைந்துவிடாது, சீக்கிரம் விரிசல் விடாது. அதெல்லாம் தேவைதான், ஆனால் விறைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது பார் இரண்டு மடங்கு விறைப்பானால் காரும் இரண்டு மடங்கு மாறுமா? இல்லை. சாய்வை எதிர்ப்பதில் ஸ்பிரிங்குகளுக்கும் பங்கு உண்டு, முன்பாருக்கும் உண்டு. ஒரு மாதிரிக் கணக்கு: சாய்வை எதிர்ப்பதில் முன் ஸ்பிரிங்குகள் 250, முன்பார் 250, பின் ஸ்பிரிங்குகள் 200, பின்பார் 100, மொத்தம் 800 பங்கு. இதில் பின்பக்கத்தின் பங்கு 37.5 சதவீதம். 21 மி.மீ. பார் போட்டால் பின்பக்கம் 41 சதவீதம். குழாய்ப் பாரை நடுத்துளையில் மாட்டினால் ஏறக்குறைய 45. முழுக் கம்பி 24 என்றால் 47.6. சாய்வைப் பார்த்தால், முன்பு 4 டிகிரி சாய்ந்த கார் இப்போது முறையே 3.8, 3.5, 3.35 டிகிரி சாயும். சாய்வு பாதியாகும் என்பது எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் பங்கீடு 37-லிருந்து 47-க்குப் போவது சின்ன விஷயமல்ல. வெறும் நான்கு புள்ளி நகர்ந்தாலே ஸ்டியரிங்கில் உணர முடியும். பத்துப் புள்ளி நகர்ந்தால் அது வேறு கார். உங்கள் காரின் உண்மையான எண்கள் இதிலிருந்து விலகும், புஷ்களின் ரப்பர் நெகிழ்வும் கொஞ்சம் சாப்பிட்டுவிடும். இருந்தாலும் இந்தக் கணக்கு எந்தத் திசையில், எந்த அளவில் மாற்றம் வரும் என்பதைக் காட்டும்.

இதில் நான் சுட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம், என் சொந்தக் காருக்கு இருந்ததிலேயே தடிமனான பின்பாரை மாட்டினேன். காய்ந்த ரோட்டில் அற்புதம். மூக்கு நினைத்த இடத்துக்குப் போனது, ஒரு மாதம் எல்லோரையும் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். பிறகு ஒரு மழை நாளில், இறக்கமான வளைவில், முன்னால் போன வண்டி திடீரென்று வேகத்தைக் குறைக்க, நானும் காலை எடுத்தேன். இறக்கத்தால் எடை ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருந்தது. காலை எடுத்ததும் மிச்சமும் முன்னால் போய்விட்டது. பின்பக்கம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெளியே வந்தது. கார் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது, எதிரே யாரும் வரவில்லை, அவ்வளவுதான் என் சாமர்த்தியம். அந்த வாரமே பழைய பாரைத் திரும்ப மாட்டினேன். பழைய பாரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நீங்களும் அதை மட்டும் செய்யுங்கள்.

ஏன் அப்படி நடந்தது என்று மேலே சொன்ன எண்களிலேயே பார்க்கலாம். 1200 கிலோ காரில் பின்பக்கம் 38 சதவீதம் என்றால், ஒரு பின்சக்கரத்துக்கு 228 கிலோ. 0.7 ஜி வளைவில், பழைய பாரோடு உள்பக்கப் பின்சக்கரத்தில் மிச்சம் சுமார் 113 கிலோ. முழுக் கம்பி 24-ஓடு 81 கிலோ. இதற்கு மேல் பிரேக்கோ இறக்கமோ சேர்ந்தால் அந்த 81-ம் கரையும். (சஸ்பென்ஷன் வடிவத்தின் நுணுக்கங்களை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது.) கடைசியில் சக்கரம் தரையை விட்டே தூக்கிக்கொள்ளும். பழைய கோல்ஃப் ஜி.டி.ஐ. வளைவில் பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் ஒருமுறை தூக்கிவிட்டால் பின் அச்சு மாற்றுவதற்கு எடை எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு பாரின் விறைப்பால் பயனில்லை, கூடுதல் எடை மாற்றம் முழுவதும் முன் அச்சின் தலையில் விழும். அந்த எல்லையில் ஓடும் காரில் இன்னும் தடிமனான பார் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

சவாரி மென்மையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நேராகப் போகும்போது இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் மேட்டில் வித்தியாசமே தெரியாது. ஒரு பக்கக் குழிகள் நிறைந்த ரோட்டில், ஒரு சக்கரத்தின் அடி மற்றதற்கும் போகும், தலை இடமும் வலமுமாக ஆடும். 21-இல் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பழைய ஷாக் அப்சார்பரோடு தடிமனான பார் போட்டால் இந்த ஆட்டம் இன்னும் மோசம், ஏனென்றால் பார் ஸ்பிரிங் விறைப்பை மட்டுமே கூட்டுகிறது, அதை அடக்கும் வேலை ஷாக்கினுடையது.

இனி உங்கள் காருக்கு மருந்து இதுதானா என்பது. காரைப் பார்க்காமல், ஓட்டாமல் இதை முடிவாகச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். மூக்கு எந்த இடத்தில் தள்ளுகிறது? வளைவுக்குள் நுழையும்போதே தள்ளினால் பெரும்பாலும் வேகம் அதிகம் அல்லது முன்டயர் சரியில்லை. நடுவில், ஆக்சிலேட்டர் நிலையாக இருக்கும்போது தள்ளினால்தான் பாரின் வேலை. வெளியே வரும்போது மிதித்தால் மட்டும் தள்ளினால், பார் உதவும், ஆனால் உங்கள் வலது காலும் உதவலாம்.

டயரை முதலில் பாருங்கள். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்வார்கள், அது பாதுகாப்புக்குச் சரியான அறிவுரை. ஆனால் பின்னால் புதியதும் முன்னால் தேய்ந்ததுமாக ஓடும் கார் மூக்கு தள்ளத்தான் செய்யும். என்னிடம் பார் கேட்டு வந்தவர்களில் கணிசமான பேருக்கு முன்டயர் மாற்றியதோடு பிரச்சினை முடிந்துவிட்டது. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர் அளவுக்கு வையுங்கள். முன்பக்கம் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டிக்கொண்டு அண்டர்ஸ்டியர் (இந்த மூக்குத் தள்ளலின் பெயர்) என்று புலம்புபவர்கள் நிறைய. பின் டயரில் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டினால் பார் போட்ட மாதிரி இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. சில கார்களில் அப்படி இருந்தது, சிலவற்றில் எதிராகப் போனது, அதனால் அதை விதியாகச் சொல்லமாட்டேன். அப்புறம் முன் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) புஷ், ஷாக், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்). முன் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது டயரின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை, அரை டிகிரியிலிருந்து ஒன்று, ஒன்றரை டிகிரிக்குக் கொண்டுபோக உங்கள் ஸ்ட்ரட்டில் வசதி இருந்தால், அது முன்பக்கத்துக்கு நேரடியாகப் பிடிப்பு தரும், பின்பக்கத்திலிருந்து எதையும் எடுக்காது. உள் விளிம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேயும், கேம்பரை மாற்றியதும் டோ அளவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மறுபடி சரிசெய்ய வேண்டும். என் கையில் விட்டால் பாருக்கு முன் இதைத்தான் செய்வேன்.

இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பல சிறிய கார்களில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அந்தக் குறுக்குச் சட்டமே முறுக்கி ஆன்டி-ரோல் பார் வேலையைச் செய்யும். சிலவற்றில் அதற்குள் ஒரு கம்பியும் பற்றவைத்திருப்பார்கள். உங்கள் 19 மி.மீ. அப்படிப்பட்ட கம்பி என்றால் மாற்ற முடியாது, சேர்க்கத்தான் முடியும், மேலே உள்ள மடங்குக் கணக்கும் பொருந்தாது. லிங்க் ராடும் புஷ்ஷுமாகத் தனியாகத் தெரிகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள்.

இ.எஸ்.சி. (கார் வழுக்கத் தொடங்கினால் தானாகவே தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்கும் மின்னணு அமைப்பு) இருக்கிற கார் என்றால் அதை நம்பி 24-க்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இ.எஸ்.சி.யை அமைத்திருப்பது கம்பெனி சஸ்பென்ஷனுக்கு ஏற்றபடி. 21 போட்ட கார்களில் அது தொந்தரவு செய்து நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் போனால் சில கார்களில் சீக்கிரமே குறுக்கிட்டு பிரேக் பிடிக்கும். எந்தக் காரில் எவ்வளவு என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதை அணைத்துவிட்டு ரோட்டில் ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

ஆகவே என் தேர்வு: டயரும் அலைன்மென்ட்டும் சரியாக இருந்து, வளைவின் நடுவிலும் மூக்கு தள்ளினால், 21 மி.மீ. வாங்குங்கள். அந்த 24 குழாயாக இருந்து விலை பிரச்சினையில்லை என்றால் அதையும் வாங்கலாம், ஆனால் வெளித் துளையில் மாட்டி, ஒரு மழைக்காலம் முழுவதும் அதிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் நடுத்துளையைப் பற்றி யோசிக்க வேண்டும். முழுக் கம்பி 24 ரோட்டுக் காருக்கு வேண்டாம். வீட்டில் வேறு யாராவதும் அந்தக் காரை ஓட்டுகிறார்கள் என்றால் எனக்கு இதில் இன்னும் பிடிவாதம் அதிகம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. லிங்க் ராடை இறுக்கும்போது கார் தன் சக்கரங்களில் சமதளத்தில் நிற்க வேண்டும், பாரில் முறுக்கே இருக்கக்கூடாது. ஒரு பக்கம் முறுக்கோடு இறுக்கினால் கார் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி திரும்பும். இரண்டு பக்கமும் ஒரே துளைதானா என்று இருமுறை பாருங்கள். மாறி மாட்டிய காரை நானே பிரித்திருக்கிறேன். புஷ் பாலியூரித்தேன் என்றால் அதோடு வரும் கிரீஸைத் தடவாமல் விட்டால் இரண்டு வாரத்தில் கீச்சிடும். பழைய பிராக்கெட்டுகள் பழைய பாரின் விசைக்கு அமைக்கப்பட்டவை, ஆகவே பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று மாட்டும்போது ஒருமுறையும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கும்போது ஒருமுறையும் டார்ச் அடித்துப் பாருங்கள். லிங்க் ராடின் பந்து மூட்டு ஏற்கெனவே ஆடுகிறது என்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பார் தட்டுகிறது என்று எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.